ஆயிரத்து நாற்பது

மே 3, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. நாலு மாசமா ஃப்ரிட்ஜ் மேல தூசி வாங்கிக்கிட்டுக் கெடந்தது. டாக்டர் அறவாழிதான் சொன்னார், "மேடம், நடக்கிறதை எங்கயாவது எழுதி வைங்க, இல்லைன்னா மண்டை வெடிச்சிரும்" என்று. அவர் எழுதுவாரான்னு கேட்டேன். தூங்கவே நேரமில்லையாம். ஊருக்கு உபதேசம் பண்ண மட்டும் நேரம் இருக்கு.

இன்றைக்கு நூத்தி எண்பத்தாறு டியூப். லேபில் மூணு பேர் இருந்தோம், இப்ப நானும் மிஷினும்தான். மத்த ரெண்டு பேரும் காய்ச்சலோட வீட்டில். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் எல்டிஎச் கேட்கிறாங்க. உடம்புக்குள்ள செல் உடைஞ்சா ரத்தத்தில் ஏறுற சமாச்சாரம் அது. நுரையீரல் நொறுங்க நொறுங்க ஏறும். இருநூத்தம்பதுக்குள்ள இருந்தா நல்லது. நானூறுன்னா கஷ்டப்பட்டு மீண்டு வருவாங்க. எண்ணூறு தாண்டினா நான் அந்தப் பேரை ரெண்டாவது தடவை படிக்கிறதில்லை. எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருது. வார்டில் அந்த மனுஷன் இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருப்பார், எனக்குத் தெரியும் வியாழக்கிழமை இருக்கமாட்டார்னு. இந்தக் கண்றாவி யாருக்கு வேணும்?

மே 5, புதன்

நர்ஸ் ஜெசிந்தாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பாவம், அழுதுட்டா. ஆனா தப்பு தப்புதான்.

ரத்தம் எடுத்தா ஊசியைக் கழட்டிட்டு, டியூப் மூடியைத் திறந்து, ஓரமா வழிய விடணும். அவசரத்தில் ஊசியோடவே மூடியில் குத்தி, சிரிஞ்சை அழுத்தோ அழுத்துன்னு அழுத்தினா, அந்தச் சின்ன ஓட்டை வழியாப் பீய்ச்சி அடிக்கிற வேகத்தில் ரத்தத்தில் உள்ள செல் எல்லாம் உடைஞ்சு போகும். மிஷினில் சுத்தி எடுத்தா, மேலே தெளிஞ்சு நிக்கிற சீரம் வைக்கோல் நிறத்துல இருக்கணும். இது தர்பூசணித் தண்ணி மாதிரி நிக்குது. அதை ஓட்டினா எல்டிஎச் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு காட்டும். நோயாளிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, டியூபுக்குள்ள உடைஞ்சதைத்தான் மிஷின் எண்ணும்.

ஏழு டியூபைத் திருப்பி அனுப்பினேன். அதுக்கு ஒரு நோட்டு போட்டு வச்சிருக்கேன். மூணே கட்டம். சாம்பிள் எண், காரணம், எடுத்தவர். இந்த நோட்டு நான் வந்த வருஷம் ஆரம்பிச்சது. ஒரு நாள் தவறினதில்லை. "செம்பகக்கா மேஜைக்குச் சிவப்பு டியூப் போனா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்று வார்டில் கேலி பேசுவாங்களாம். பேசட்டும்.

மே 7, வெள்ளி

காரிடாரில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரங்க எல்லாம் பாதி டாக்டர் ஆயிட்டாங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மாதிரி ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிறாங்க. "உங்க அப்பாவுக்கு எவ்வளவு?" "முந்நூத்தி அறுபது." "எங்க மாமாவுக்கு ஐநூறுல நிக்குது." ரிப்போர்ட் கொடுக்கிற லேப் ஜன்னல் கம்பி இடுக்கில் யாரோ திருநீறு மடிச்ச பேப்பரைச் செருகி வச்சிருக்காங்க. எனக்கா, மிஷினுக்கா தெரியலை.

இன்றைக்கு ஒரு ஆள், விவசாயி, ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துட்டு அங்கேயே நின்னு போன் போடுறார். "ஏ, அண்ணனுக்கு நேத்து நானூறுதான். இன்னைக்குத் தொள்ளாயிரத்துக்கு ஏறிட்டுடே! நல்லா ஏறிட்டு!" முகமெல்லாம் சிரிப்பு. கூடினா நல்லதுன்னு நினைச்சிட்டார். நான் ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே வந்துட்டேன். எந்த வாயால திருத்துறது?

மே 9, ஞாயிறு

நாளையிலிருந்து முழு ஊரடங்கு. அதனால இன்றைக்கே முடிச்சிருவோம்னு என் வீட்டுக்காரரோட சித்தப்பா மகன் பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிட்டாங்க. போகாதீங்கன்னு காலில் விழாத குறையாச் சொன்னேன். தளவாய்க்குச் சொந்தக்காரன் வீட்டுக் கறிச்சோறுன்னா உயிர். அவர் ஓட்டுற ஸ்கூல் வேன் ஒரு வருஷமா ஓடாம நிக்குது, வீட்டிலேயே அடைஞ்சு கெடந்து பைத்தியம் பிடிக்குதாம். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழ மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். "என் உடம்பு இரும்பு, செம்பகம். உன் ஆஸ்பத்திரிப் பயத்தை எனக்குக் காட்டாத."

மூணு மணிக்கு வந்தார். இலையில் வச்ச நெஞ்செலும்பைப் பத்தி அரைமணி நேரம் பேசினார்.

மே 10, திங்கள்

மூணாவது மாடியில் ஆறே ஆறு கட்டில். வேகமா ஆக்சிஜன் தள்ளுற மிஷின் அங்கேதான் இருக்கு. கீழே வார்டில் எழுபது பேர். ஒரு கட்டில் காலியானா ஆறு பேர் சிபாரிசோட வர்றாங்க, கவுன்சிலர் போன், தாசில்தார் போன்.

டாக்டர் அறவாழி இன்றைக்கு விதி போட்டுட்டார். மாஸ்க் போட்டும் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே போனவங்களில், எல்டிஎச் யாருக்கு அதிகமோ அவங்கதான் மேலே. "போன் பேசுறவனுக்குச் செல்வாக்கு இருக்கும் மேடம். ரத்தத்துக்குக் கிடையாது. உங்க நம்பரை நம்பித்தான் இந்த விதியே" என்றார்.

பெருமையாத்தான் இருந்தது. ஒளிப்பானேன்.

மே 12, புதன்

அவருக்குக் காய்ச்சல். நூத்தியொண்ணு. நெஞ்செலும்பு நல்லா இருந்துச்சாம்.

மே 15, சனி

ஜன்னலுக்கு எஸ்தாக்கின்னு ஒருத்தர் தினமும் வர்றார். தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏத்துறவர். பெண்டாட்டி ஜெபமாலை, முப்பத்தொரு வயசு, அதே கம்பெனியில் லேபிள் ஒட்டுறவ. கூட்டமா இருந்தா ஒதுங்கி நிப்பார், எல்லாரும் போன பிறகு வருவார். "அக்கா, அவளுக்கு நம்பர் எப்படி இருக்கு? கூடினா கெட்டதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நேரா சொல்லுங்க" என்பார். ஐநூத்திப் பத்து. சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டுப் போனார். சத்தம் போடாத ஆள். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தாத்தான் எனக்குத் தாங்காது.

வீட்டில் இருமல் நிக்கலை. கஷாயம் கொடுத்தா கசக்குதாம். மகராசா.

மே 17, திங்கள்

அவரை அட்மிட் பண்ணிட்டேன். ஆக்சிஜன் தொண்ணூத்திமூணு. ஆட்டோவில் ஏறும்போதுகூட, "ரெண்டு நாள்ல வந்திருவேன், வேனை ஸ்டார்ட் பண்ணி வை, பேட்டரி இறங்கிரும்" என்று உத்தரவு.

எல்டிஎச் நானூத்திப் பத்து. நானே ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். நானூத்திப் பத்துன்னா கஷ்டப்படுவாங்க, ஆனா வந்துருவாங்க. நூறு பேருக்கு இதைத்தான் மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். வந்துருவாங்க. வந்துருவார்.

இந்துஜா சென்னையிலிருந்து பத்து தடவை போன் பண்ணிட்டா. ஊரடங்கில் வர வழியில்லை. "அம்மா, நீ அங்கயே வேலை பார்க்கிற. உன்னால கூட ஒரு கட்டில் வாங்க முடியாதா?" என்று கத்துறா. பெத்தது கேட்கிற கேள்வியைப் பாரு.

மே 19, புதன்

காலையில் அவருக்கு ஆக்சிஜன் எண்பத்தெட்டு. ஜெபமாலைக்கும் எண்பத்தெட்டு. மேலே ஒரு கட்டில் காலியாச்சு, எப்படிக் காலியாச்சுன்னு எழுத வேண்டியதில்லை.

டாக்டர் லேபுக்கே வந்துட்டார். "மேடம், ரெண்டு பேருக்கும் புது சாம்பிள் ஓட்டுங்க. ஒரு மணிக்கு முடிவு பண்ணணும். உங்க வீட்டுக்காரர்னு நான் பார்க்க முடியாது. தப்பா நினைக்காதீங்க" என்றார். "நினைக்கலை சார், நம்பர் சொல்றதைச் செய்யுங்க" என்றேன்.

ஜெபமாலைக்கு ஜெசிந்தா எடுத்தா. சுத்தமா எடுத்திருந்தா, வைக்கோல் நிறம். அறுநூத்தித் தொண்ணூறு.

ஜெசிந்தாவை இன்னொரு கட்டிலுக்குக் கூப்பிட்டுட்டாங்க. அதனால அவருக்கு நானே போனேன். அந்தக் கவசத்துக்குள்ள வேர்த்து ஊத்துது, கண்ணாடியெல்லாம் ஆவி. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்துமூணு வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. "செம்பகம், மூச்சு முட்டுதுடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நரம்பு சரியாக் கிடைக்கலை. கையில் இருந்தது சின்ன ஊசி. நேரம் இல்லை. ஊசியைக் கழட்டலை. கொஞ்சம் அழுத்த வேண்டியதாப் போச்சு.

சுத்தி எடுத்தப்ப நிறம் கொஞ்சம் வேற மாதிரி இருந்தது. அந்த மூலையில் டியூப்லைட் ஒரு வாரமாக் கண் சிமிட்டுது, ஆபீஸில் சொல்லியும் மாத்தலை. மறுபடி எடுக்கணும்னா முக்கால் மணி நேரம் ஆகும். மணி பன்னெண்டரை. நோட்டை எடுத்து மேஜையில் வச்சேன். அப்புறம் உள்ளே வச்சுட்டேன்.

ஆயிரத்து நாற்பது.

ஒன்றரை மணிக்கு அவரை மேலே கொண்டுபோனாங்க.

ரெண்டு மணிக்கு எஸ்தாக்கி ஜன்னலுக்கு வந்தார். பக்கத்தில் நாலஞ்சு பேர் அவரை உசுப்பேத்திக்கிட்டு இருந்தாங்க, கவுன்சிலருக்குப் போன் போடுடே, விடாதடேன்னு. அவர் கையில் போன் இருந்தது. என்கிட்ட மட்டும் கேட்டார். "அக்கா, மேல போனவருக்கு ஆயிரத்து நாப்பதாமே, நெசமா?"

"ஆமா."

"எங்க வீட்டுக்காரிக்கு அறுநூத்தித் தொண்ணூறுதானே. அப்ப அந்த அண்ணாச்சிதான் முதல்ல போகணும். பாவம், அவருக்குத்தான் ரொம்ப மோசம். அடுத்த கட்டில் இவளுக்குக் கிடைச்சிரும்லக்கா?" போனைச் சட்டைப் பைக்குள்ள போட்டுட்டார்.

அந்த அண்ணாச்சி யாருன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லலை.

மே 20, வியாழன்

நூத்தித் தொண்ணூத்தியொரு டியூப். நாலு திருப்பி அனுப்பினேன். ஜெசிந்தா எடுத்ததில் ஒண்ணு லேசாச் சிவந்திருந்தது. அதையும் அனுப்பினேன். முறைச்சுட்டுப் போனா.

மேலே கட்டில் எதுவும் காலியாகலை.

மே 21, வெள்ளி

ஜெபமாலை. காலை ஆறு இருபதுக்கு.

மே 22, சனி

மூணாவது மாடியிலிருந்து அவருடைய சாம்பிள் வந்தது. நல்ல நிறம். முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு. டாக்டர் சந்தோஷமா, "மருந்து அபாரமா வேலை செய்யுது மேடம், ஆயிரத்திலிருந்து மூணே நாளில்!" என்றார். ஆமா சார்னு சொன்னேன்.

முந்நூத்தித் தொண்ணூத்தஞ்சு. அப்ப புதன்கிழமை எவ்வளவு இருந்திருக்கும்? கணக்குப் போட எனக்குத் தெரியாதா? போடலை. வீட்டுக்குப் போய் அவர் லுங்கியெல்லாம் ஊறப்போட்டுத் துவைச்சேன்.

ஜூன் 2, புதன்

டிஸ்சார்ஜ். தெருவில் நாலு வீட்டுக்காரங்க தள்ளி நின்னு கையைத் தட்டினாங்க. அவர் கும்பிட்டுக்கிட்டே நடந்து வந்தார், எலெக்‌ஷனில் ஜெயிச்ச மாதிரி. உள்ளே வந்ததும் முதல் கேள்வி: "வேனை ஸ்டார்ட் பண்ணியா?"

இந்துஜா போனில் அழுதா. "அம்மா, நீ இல்லைன்னா அப்பா இல்லை" என்றாள். வை போனை என்றேன்.

ஆகஸ்ட் 18, புதன்

ரெண்டரை மாசமா இதில் எழுதலை. எழுதினா எதை எழுதுறது? கத்தரிக்காய் வாங்கினதையா?

டாக்டர் அறவாழி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறார். மே மாசம் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்த இருநூத்திப் பன்னெண்டு பேருடைய ரத்தக் கணக்கு, யார் பிழைச்சா, யார் போனா, எந்த நம்பர் முன்கூட்டியே சொல்லிச்சு. இன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. பிழைச்சவங்க நீலம், போனவங்க சிவப்பு.

"பாருங்க மேடம், எண்ணூறு தாண்டினவங்க பதினேழு பேர். அதில் பதினாறு பேர் இல்லை. இந்த ஒரு நீலப் புள்ளி மட்டும்தான் இடிக்குது. ஆயிரத்து நாற்பது."

நான் ஜெபமாலையைத் தேடினேன். அறுநூத்தித் தொண்ணூறில் சிவப்பா, எங்கே இருக்கணுமோ அங்கேயே இருந்தா. செத்தும் யாருக்கும் தொந்தரவு கொடுக்காம ஓரமா நின்னா, அவ புருஷன் மாதிரியே.

"அதே டியூபில் பொட்டாசியமும் எக்கச்சக்கமா ஏறியிருக்கு" என்றார் டாக்டர். திரையைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னார். செல் உடைஞ்சா அதுவும் ஏறும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அன்னைக்கு சாம்பிள் சரியா இருந்துச்சா மேடம்?"

"இருந்துச்சு சார். சரியில்லைன்னா நோட்டில் எழுதியிருப்பேனே."

மௌஸை அந்த நீலப் புள்ளி மேல கொண்டுபோனார். அப்புறம், "அப்ப இவரைக் கணக்கில் இருந்து எடுத்துடுறேன். ஒருத்தர்தானே" என்றார். ஒரு பட்டனைத் தட்டினார், என் புருஷன் காணாமப் போனார். இருநூத்திப் பதினொண்ணு.

கிளம்பும்போது முகத்தைப் பார்க்காமலே சொன்னார், கட்டுரைக் கடைசியில் எனக்கு நன்றி போட்டிருக்காராம். பிழையில்லாத பரிசோதனைக்காக.

திட்டியிருக்கலாம் அந்த மனுஷன். வேலையை விட்டுத் தூக்கியிருக்கலாம். நன்றி போட்டிருக்கார்.

செப்டம்பர் 4, சனி

எஸ்தாக்கி ஜன்னலுக்கு வந்தார். கம்பெனிக்குச் சர்டிபிகேட் ஏதோ வேணும்னு ஆபீஸுக்கு வந்தவர். மெலிஞ்சு போயிருக்கார். கூட்டம் போகிற வரைக்கும் ஒதுங்கியே நின்னார், அதே மாதிரி.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். அந்த ஆயிரத்து நாப்பது அண்ணாச்சி பிழைச்சாரா? ராத்திரியெல்லாம் அதான் ஓடுது. அவரும் போயிருந்தா ரெண்டு உசுரும் வீணாப் போன மாதிரி. அவராவது இருந்தா..."

"இருக்கார்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம், வாயில் சனி. "எங்க வீட்டுக்காரர்தான்."

கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். கோபத்தில் இல்லை. "இத்தனை நாளாச் சொல்லலையேக்கா! நான் சங்கடப்படுவேன்னு மறைச்சீங்களாக்கும்" என்றார். நாளைக்கு வீட்டுக்கு வந்து பார்க்கிறாராம். வேண்டாம்னு சொல்ல என்ன காரணம் சொல்லுவேன்?

செப்டம்பர் 5, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை சாத்துக்குடி. தளவாயைப் பார்த்ததும் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி? நல்லா இருக்கணும் நீங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஜெபமாலை பேரை எடுக்கவே இல்லை. வார்டில் பக்கத்துக் கட்டில் ஆள்னு மட்டும் தளவாய்க்குச் சொல்லி வச்சிருந்தேன்.

நான் அடுப்படியில் காபி ஆத்திக்கிட்டு இருந்தேன். இவர் ஆரம்பிச்சுட்டார். ஆள் கிடைச்சாப் போதுமே.

"எனக்கு என்ன தம்பி, ஒண்ணுமே இல்லை. என் உடம்பு இரும்பு. ஒரு நாள் லேசா மூச்சு முட்டுச்சு, அதுக்குள்ள தூக்கிட்டு மேல போயிட்டாங்க. அங்க இருந்த டாக்டரம்மாவே மறுநாள் சிரிக்காங்க, 'உங்களை எதுக்கு இங்க அனுப்புனாங்க, கீழயே சரியாயிருக்குமே'ன்னு. ரெண்டே நாள்ல மிஷினைக் கழட்டிட்டாங்க. மிச்ச நாளெல்லாம் சும்மா படுத்துக் கெடந்து கிரிக்கெட் பார்த்தேன். எல்லாம் நம்ம வீட்டம்மா லேபில இருக்கிற மரியாதைதான்!"

சிரிக்கிறார். நான் டம்ளரோட வாசல்படியில் நின்னுட்டேன்.

எஸ்தாக்கி அவர் கையை விட்டார். உடனே இல்லை, மெதுவா. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஜன்னலில் எத்தனை நாள் பார்த்த முகம், அது இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. "ஆயிரத்து நாப்பதுன்னு சொன்னீங்களேக்கா" என்றார். சத்தமே இல்லை.

என்ன சொல்வேன்? இவர் செத்துருவார்னு பயந்தேன்னு சொல்வேனா? நானூத்திப் பத்துன்னு என் மிஷின் சொல்லிச்சு, வந்துருவார்னு சொல்லிச்சு. இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் நம்பரை நம்புன்னு சொன்னவ, என் வீட்டு ஆள்னு வந்ததும் நம்பலை. அந்த மனுஷன் நம்பினார். கையில் இருந்த போனைப் பைக்குள்ள போட்டார். காபியை நீட்டினேன்.

வாங்கி ஸ்டூலில் வச்சார். "வாரேன்" என்றார். அக்கான்னு சொல்லலை.

"காபி குடிக்காமப் போறானே, என்ன ஆளுடி இவன்?" என்று கேட்டுக்கிட்டே தளவாய் ஒரு சாத்துக்குடியை உரிச்சார். நல்ல இனிப்பாம். ரெண்டு சுளை எனக்கும் நீட்டினார்.

லேபில் அந்த நோட்டு இருக்கு. மே 19-க்கு ஒரு வரி விட்டுப்போயிருக்குன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியாது, அடுத்த நாளை ஒட்டியே எழுதியிருக்கேன். அதில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. இங்கே எழுதுறேன்.

சாம்பிள் எண்: 214.
காரணம்: சிவந்திருந்தது.
எடுத்தவர்: செண்பகவல்லி.